முதல் முறையாகப் பனிச்சறுக்குக் கற்கக் குடும்பத்துடன் செல்வதற்கு ஏற்றது காஷ்மீரின் குல்மார்க்கா, உத்தராகண்டின் அவுலியா?

சேலத்திலிருந்து பிப்ரவரியில் ஏழு நாள் விடுப்பில் கிளம்புவதாகவும், நால்வரில் ஒருவருக்கும் பனிச்சறுக்குப் பழக்கம் இல்லை என்றும், ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் இளைய மகள் இரண்டு முறையாவது வாந்தி எடுத்துவிடுவாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசிச் செய்திதான் என் பதிலைத் தீர்மானித்தது. இந்த முறை குல்மார்க்குக்குச் செல்லுங்கள்.

நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்த்துக்கொள்பவன். பழம் பறிப்பு முடிந்த கையோடு, 2019-இல் அவுலிக்கும் 2022-இல் குல்மார்க்குக்கும் மனைவி, மகனுடன் போய் வந்தேன். ரிஷிகேஷிலிருந்து, அவுலிக்குக் கீழே உள்ள ஊரான ஜோஷிமட் வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி அலக்நந்தா ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து ஏறி இறங்கும் மலைச்சாலை. வளைவுகளிலேயே வளர்ந்த என் மகன்கூட ருத்ரபிரயாகையைத் தாண்டியதும் தாயின் மடியில் தலைசாய்த்தவன், ஜோஷிமட் வரும்வரை எழவில்லை. ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்கு ரோப்காரில் ஏறிவிடலாம் என்று அப்போது ஓர் ஆறுதல் இருந்தது. 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் அமிழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. ஆகவே மேலே செல்வதையும் சாலைப் பயணமாகவே கணக்கிடுங்கள். சேலத்திலிருந்து போக இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள் என்றால், ஏழு நாளில் பனியில் நிற்கக் கிடைப்பவை மூன்றே நாள். குல்மார்க்கோ ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். தங்மார்க்குக்குப் பிறகு வரும் சுமார் 13 கிலோமீட்டர் மட்டுமே மலையேற்றம். பனி பெய்திருந்தால் அங்கே சங்கிலி பூட்டிய வண்டிக்கு மாற வேண்டியிருக்கும் என்பதால், அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது பனி. அவுலியின் சரிவுகள் சுமார் 2,500 முதல் 3,050 மீட்டர் வரை உள்ளவை. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று பொய்த்துவிட்டால் அங்கே புல் தெரியும். செயற்கைப் பனி தூவும் கருவிகள் இருந்தாலும், இரவு போதிய அளவு குளிர்ந்தால்தான் அவை பயன்படும். குல்மார்க்கின் புல்வெளியே 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பனிப்பொழிவும் அதிகம். ஆனாலும் 2024 ஜனவரியில் அந்தப் புல்வெளி பனியின்றிக் காய்ந்து கிடந்ததை மறந்துவிடாதீர்கள். காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்று அழைக்கும் கடுங்குளிரின் 40 நாள்கள் டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரி இறுதியில் முடியும். அது முடிந்து வரும் பிப்ரவரியை நீங்கள் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு.

குல்மார்க்கில் நான் அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: கேபிள் காரின் இரண்டாம் கட்டம். அது அஃபர்வத் மலைத்தோளில் சுமார் 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடுகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு வரை நாம் ஏறுவது ஏறத்தாழ 1,200 மீட்டர். குல்மார்க்கிலிருந்து இரண்டு கட்டங்களிலுமாக அதைவிடக் கூடுதலான உயரத்தை, அதுவும் மெலிந்த காற்றில், பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே ஏறிவிடுவீர்கள். வானம் தெளிவாக இருந்தால் பார்த்துவிட்டு அதே பெட்டியில் இறங்கிவிடுங்கள். அங்குள்ள சரிவுகள் சீர்செய்யப்படாதவை. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளின் பிப்ரவரியிலும் அந்த மலையில் பனிச்சரிவு சறுக்கு வீரர்களின் உயிரைப் பறித்தது. வழிகாட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும் பிள்ளைகளை அங்கே சறுக்க விடாதீர்கள்.

நீங்கள் கற்க வேண்டிய இடம் கீழே, புல்வெளியை ஒட்டிய சிறு மேடுகள்தாம். முதல் நாள் முழுவதும் பக்கவாட்டில் அடி வைத்து மேடேறுவதும், சறுக்குக் கட்டைகளின் நுனிகளை நெருக்கி வால்களை அகற்றி வேகத்தைக் குறைப்பதுமாகவே கழியும். பூட்ஸில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். வாடகைக் கடை ஒன்றில் எனக்கு ஓர் அளவு பெரிய பூட்ஸைக் கொடுத்துவிட்டார்கள். நானும் இரண்டு சோடிக் காலுறைகளைப் போட்டுச் சமாளித்தேன். மாலையில் இரு குதிகாலும் கொப்பளித்துவிட்டன. மெல்லிய, நீண்ட கம்பளிக் காலுறை ஒரு சோடியே போதும். கொக்கிகளை இறுக்கிய பிறகு முழங்காலை முன்னே வளைத்தால் குதிகால் மேலே எழும்பக் கூடாது. எழும்பினால், கூச்சப்படாமல் வேறு சோடி கேளுங்கள். கட்டையில் பூட்ஸ் பொருந்தும்போது ‘டக்’ என்று ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பூட்ஸின் அடியில் பனி அப்பியிருக்கும், கைக்கோலால் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி மிதியுங்கள். என் மகன் முதல் நாளில் பாதி நேரம் இப்படிச் சுரண்டிக்கொண்டுதான் இருந்தான்.

அவுலியை நான் தாழ்த்திச் சொல்வதாக எண்ண வேண்டாம். 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவி மாலை வெயிலில் சிவந்து நின்றதை அங்கேதான் கண்டேன். அப்படியொரு காட்சி குல்மார்க்கில் எனக்குக் கிடைக்கவில்லை. உத்தராகண்ட் அரசின் கர்வால் மண்டல் விகாஸ் நிகாம் அங்கே 7 நாள், 14 நாள் பயிற்சிகளை நடத்தி வந்திருக்கிறது. உங்கள் மகளுக்கு வளைவுகள் பழகி, உங்களுக்கும் மூன்று வார விடுப்புக் கிடைக்கும் ஓர் ஆண்டில் அந்த 14 நாள் பயிற்சியில் சேருங்கள்.

இப்போதைக்கு, கேபிள் கார் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது என்பதால் ஒருவராவது போஸ்ட்பெய்டு இணைப்புடன் செல்லுங்கள்.