எச்சில் அமைலேஸ், கணைய அமைலேஸ்: கேட்டவர்களுக்குப் பதில்

மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் நொதி, அதன் மரபணு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

கிண்டி மாணவி: அக்கா, உமிழ்நீர்ச் சுரப்பி, கணையம், கல்லீரல் மூன்றின் ஆர்.என்.ஏ.விலும் (வேலை செய்யும் மரபணுவின் நகல்) பி.சி.ஆர். (வேண்டிய துண்டை மட்டும் பெருக்கும் சோதனை) செய்தேன். மூன்றிலும் பேண்ட் (ஜெல்லில் தெரியும் கோடு) வருகிறது. எச்சில் நொதி கல்லீரலிலும் உண்டாகிறதா?

அவசரப்படாதேம்மா. ஒன்றாம் குரோமோசோமின் குட்டைக் கையில் இந்த அமைலேஸ் மரபணுக் குடும்பமே ஒட்டுக்குடித்தனம் நடத்துகிறது. எச்சிலுக்கு ஏ.எம்.ஒய். 1 என்ற மரபணு, கணையத்துக்கு 2ஏ, 2பி. வரிசையைப் படித்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். எல்லாருக்கும் பொதுவான இடத்தில் பிரைமர் (எந்தத் துண்டைப் பெருக்குவது என்று காட்டும் குட்டி டி.என்.ஏ.) வைத்தால் எல்லாமே மாட்டும். அதிலும் 2பி மற்ற திசுக்களில் லேசாகத் தலைகாட்டும். உன் கல்லீரல் பேண்டுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

எச்சில் மரபணுவின் முன்முனையில், புரதமாக மாறாத எக்ஸான் (மரபணுவின் ஒரு துண்டு) ஒன்று கூடுதலாக உண்டு. ஒரு பிரைமரை அங்கே வை. கிடைத்த துண்டை சீக்வென்ஸ் செய்து (எழுத்து வரிசையைப் படித்து) பார்க்காமல் பெயர் சூட்டாதே. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் ஆர்.டி. நொதி சேர்க்காத குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டு. அதிலும் பேண்ட் வந்தால் டி.என்.ஏ. கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த முன்பகுதியில் ஒரு பழைய ரெட்ரோவைரஸ் வந்து செருகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பகுதியை எலிக்குள் வைத்தபோது உமிழ்நீர்ச் சுரப்பியில் வேலை செய்ததை 1992-ல் காட்டினார்கள். எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகப் பிடித்த சங்கதி இதுதான்.

தரமணியிலிருந்து: கணைய ஆர்.என்.ஏ. மட்டும் ஜெல்லில் தெளிவான கோடாக நிற்காமல் இழுவிக்கொண்டே போகிறது.

போகும். கணையம் ஆர்.என்.ஏ.வை அரிக்கும் நொதிகளின் கிடங்கு. திசு கைக்கு வந்ததுமே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். ஒரு மே மாதம், ஐஸ் பெட்டி போதும் என்று நம்பி ஒரு வாரத்து வேலையைக் கரைத்தவள் நான்.

மயிலாப்பூர் வாசகர்: மூன்று வேளையும் இட்லி, சாதம். எனக்கு இந்த எச்சில் மரபணு பெருகியிருக்குமா?

சாப்பிட்டுப் பெருகாது சார், பிறக்கும்போதே வந்த கணக்கு அது. ஆளுக்கு ஆள் இரண்டு பிரதியிலிருந்து பதினைந்துக்கு மேலும் இருக்கும். மாவுச்சத்து அதிகம் உண்ணும் இனக்குழுக்களில் சராசரி கூடுதல் என்று 2007-ல் வந்த ஆய்வு சொன்னது. அது தலைமுறைகளின் விவகாரம்.

பெரம்பூர் அம்மா: பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி. ரத்தத்தில் அமைலேஸ் கூடுதல் என்கிறார்கள். கணையம் கெட்டுவிட்டதா?

வீங்கிய உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தே அது ரத்தத்துக்குக் கசியும். கொழுப்பை உடைக்கும் கணைய நொதியான லைபேஸ் எச்சில் சுரப்பியிலிருந்து அப்படி ரத்தத்தில் கூடுவதில்லை; அதனால் டாக்டர் அதையும் பார்ப்பார். கடுமையான வயிற்றுவலியோ விடாத வாந்தியோ இருந்தால் மட்டும் தாமதிக்காமல் அழைத்துப் போங்கள்.

இன்னொரு மாணவர்: புரதத்தைச் சுத்தம் செய்து, ஈ.டி.டி.ஏ. போட்டு டயாலிசிஸும் (சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளைக் கழுவுவது) முடித்தாயிற்று. மாவுச்சத்தில் அயோடின் காட்டும் நீலம் மாறவே இல்லை.

ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடுங்கிவிட்டது தம்பி. கால்சியமும் குளோரைடும் இல்லாமல் இந்த நொதி சோம்பேறி. கால்சியம் குளோரைடு சேர்த்து, பி.எச். 7-க்குப் பக்கத்தில் வைத்துப் பார். அப்புறமும் நீலம் போகாவிட்டால் எழுது.