கட்டுமான மதிப்பீட்டு மென்பொருளுக்கு எப்படிப்பட்ட கணினி வாங்க வேண்டும்?

பிடிஎஃப் வரைபடங்களைத் திரையிலேயே அளவெடுத்து, எக்செல்லில் மதிப்பீடு தயாரிக்கும் அலுவலகத்துக்கு விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை, ரெவிட் போன்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் முப்பரிமாண மாதிரிகளைக் கையாள்பவர்களுக்கே அது பயன்படும்.

உங்கள் வேலையில் முதலில் திணறுவது ரேம்தான். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அடர்த்தியில் ஸ்கேன் செய்த ஓர் ஏ1 தாள், வண்ணத்தில் முழுமையாக விரியும்போது ஏறத்தாழ 7 கோடிப் புள்ளிகளாகிச் சுமார் 200 எம்பி நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கட்டட, கம்பி, பிளம்பிங் வரைபடங்களைச் சேர்த்துத் திறந்து வைப்பவருக்கு 8 ஜிபி போதாது. 16 ஜிபி வாங்குங்கள், இயன்றால் 32. எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) கட்டாயம்.

மிச்சமாகும் பணத்தைத் திரையில் போடுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ஏ1 தாளின் நீளம் 84 செ.மீ.; 24 அங்குலத் திரையின் அகலமோ 53 செ.மீ. மட்டுமே. ஒரே திரையில் வரைபடத்துக்கும் எக்செல்லுக்கும் மாறி மாறித் தாவும்போதுதான் சுவரின் அளவிலிருந்து ஒரு ஜன்னலின் பரப்பைக் கழிப்பது விடுபடுகிறது, அல்லது ஒரே சுவர் இருமுறை கணக்கில் ஏறிவிடுகிறது. 27 அங்குலத் திரையில் வரைபடமும், பக்கத்தில் சாதாரணத் திரையொன்றில் அளவுப் பட்டியலுமாக வைத்துக்கொண்டால், எண்ணை எழுதும்போதே அந்தச் சுவர் கண்முன் நிற்கும்.