படகு எண் எங்கம்மா?

கேள்வி: ராமநாதபுரத்தில் சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். கூடப் படிப்பவர்கள் மதுரையில் பெரிய சீனியர்களிடம் இன்டர்ன்ஷிப் போகிறார்கள். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. படிக்கும்போதே நம் கடற்கரை ஜனங்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா அம்மா? "காசு வராத வேலை எதுக்கு" என்கிறார் அப்பா.

பதில்: மதுரைக்குப் போகாவிட்டால் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதை விடுங்கள். ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் என்பது பார் கவுன்சில் விதி. பெரிய வக்கீல் ஆபீஸில்தான் அதைக் கழிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. தொண்டு நிறுவனம், உள்ளாட்சி எல்லாமே சேர்த்திதான். கல்லூரியில் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், சட்டத் தன்னார்வலராகச் சேர விரும்புவதாக எழுதிக் கொடுங்கள். வக்கீலாகப் பதிவு செய்யும் நாள்வரை சட்ட மாணவர்கள் இதில் இருக்கலாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. பெண் என்றால் வசதி இருந்தாலும் உண்டு. பாம்பனில் பாசி எடுக்கப் போகும் அக்காக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று விசாரித்துப் பாருங்கள்.

நம் கடற்கரையில் வக்கீலை விடக் காகிதம் சேர்த்து வைக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். கடலுக்குப் போனவர் கரை திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்று வையுங்கள். பொதுவாக ஏழு வருடம் தகவலே இல்லாவிட்டால்தான் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 108ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 111. அதற்குப் பிறகும் சான்றிதழ் தானாக வீடு தேடி வராது, கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே கேட்பது முதல் வாரத்துக் காகிதங்களை: போலீஸில் கொடுத்த புகாரின் நகல், கடலுக்குப் போன அன்று வாங்கிய அனுமதி டோக்கன், மீன்வளத் துறைக்குத் தெரிவித்த கடிதம், கூடப் போனவர்களின் வாக்குமூலம். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் இதையெல்லாம் யார் எடுத்து வைப்பார்கள்? பக்கத்துத் தெருவில் சட்டம் படிக்கிற பெண் இருந்தால் அவள் எடுத்து வைக்கலாம்.

மாணவியாக இருந்தபோது நான் எழுதிய முதல் மனு மூன்று பக்கம். அரசியல் சாசனம், இயற்கை நீதி, எல்லாம் இருந்தது. கிளார்க் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "படகு எண் எங்கம்மா?" என்றார். அந்த மனுவுக்காக முதல் பஸ் பிடித்து வந்திருந்த பெண்ணை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். அதற்கப்புறம் பெயர், தேதி, படகு எண், என்ன வேண்டும் என்பதை முதல் பத்து வரிக்குள் முடித்துவிடுவேன். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு இப்படி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. பதிலுக்கு 30 நாள் கெடு.

எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இன்னும் வக்கீல் இல்லை. கோர்ட்டில் ஆஜராக முடியாது, காசு வாங்கக் கூடாது, "நான் வாங்கித் தருகிறேன்" என்று வாயைக் கொடுக்கவும் கூடாது. இலங்கைக் கடற்படை பிடித்துப் போனவர்களின் வழக்கு அந்த நாட்டுக் கோர்ட்டில் நடக்கும். இங்கே நீங்கள் செய்யக்கூடியது, குடும்பங்களிடமிருந்து விவரத்தைப் பிழையில்லாமல் வாங்கி மனுவாக்குவது. பிழையில்லாமல் என்பதுதான் முக்கியம், ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற ஊர் நம்முடையது!

அப்பா சொல்வதில் தப்பில்லை. தன்னார்வலருக்கு வேலை பார்த்த நாளுக்கு ஒரு சிறு மதிப்பூதியம் உண்டு, சம்பளம் கிடையாது. அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொன்ன கையோடு அவரையே முதல் ஆளாக உட்கார வையுங்கள். மீனவர் நல வாரிய அட்டை, பேங்க் பாஸ்புக், ஆதார் மூன்றிலும் பெயரும் இன்ஷியலும் ஒத்துப்போகின்றனவா? ஏப்ரல் 15 வந்தால் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட நிவாரணப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும். மார்ச்சுக்குள் திருத்தி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.