எழுபதுகளின் பாட்டும் பாடியவர்களும்: வாசகர் கேள்விக்கு மைக்செட்காரர் பதில்

(இளவயதிலிருந்தே யாங்கூனில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் மைக்செட் போட்டு வரும் பெரியவர் ஒருவர், எழுபதுகளின் சினிமாப் பாட்டு பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.)

எழுபதுகளின் பாட்டு என்றாலே இளையராஜாதான், மற்றதெல்லாம் அதற்கு முந்தின காலம் என்று சாதிக்கிறான் என் தம்பி. அவனுக்கு என்ன சொல்லட்டும், ஐயா?
– கல்லூரி மாணவர், தமுவே

ஒரே ஒரு தேதியைச் சொல்லுங்கள், போதும். 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976 மே மாதம். பத்து வருஷத்தில் ஆறு வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகுதான் ராஜா வருகிறார். அதுவரை நம் காது சும்மாவா இருந்தது? 1971-இல் 'சவாலே சமாளி' படத்தின் 'சிட்டுக்குருவிக்கென்ன கட்டுப்பாடு' பாட்டுக்காக பி. சுசீலாவுக்குத் தேசிய விருது. அடுத்த வருஷம் 'வசந்த மாளிகை', கே.வி. மகாதேவன் இசையில் டி.எம்.எஸ். (டி.எம். சௌந்தரராஜன்) 'யாருக்காக' என்று எடுத்தால் இன்றைக்கும் பந்தலில் பேச்சு நின்றுபோகும். 1974-இல் 'உரிமைக்குரல்' படத்தில் ஜேசுதாசும் சுசீலாவும் பாடிய 'விழியே கதை எழுது'. 1975-இல் 'அபூர்வ ராகங்கள்'. இதையெல்லாம் தள்ளிவிட்டு எழுபதுகளைப் பேச முடியாது.

அந்தப் பத்து வருஷத்தின் பெருமையாக நான் நினைப்பது வேறு. பாட்டு அப்போது ஒரு குரலின் சொத்தாக இல்லை. 1973-இல் வந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆருக்கு 'நிலவு ஒரு பெண்ணாகி' பாடியவர் டி.எம்.எஸ்.; 'அவள் ஒரு நவரச நாடகம்' பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், 'தங்கத் தோணியிலே' பாடியவர் ஜேசுதாஸ். படத்தின் தொடக்கத்தில் எழுத்து ஓடும்போது ஒலிக்கிற குரல் சீர்காழி கோவிந்தராஜன். ஒரே படம், ஒரே இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன், ஒரே கதாநாயகனுக்கு மூன்று குரல்! டி.எம்.எஸ். தவிர வேறு யார் பாடினாலும் எம்.ஜி.ஆருக்கு ஒட்டாது என்று பேசிய ஆட்கள் வாயடைத்துப் போனார்கள்.

ராஜாவும் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். வெங்கடேஷ் இசையமைத்த 'பொண்ணுக்கு தங்க மனசு' படத்தில் எஸ்.பி.பி.யும் ஜானகியும் பாடிய 'தேன் சிந்துதே வானம்' கேட்டிருக்கிறீர்களா? 1973 பாட்டு. தம்பியை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். 'அன்னக்கிளி'யிலேயும் ஜானகி மட்டும் இல்லை. 'சொந்தமில்லை பந்தமில்லை' சுசீலா. தலைப்புப் பாட்டின் சோக வடிவம் டி.எம்.எஸ். புது ஆள் முதல் படத்திலேயே மூத்தவர்களை அழைத்துப் பாட வைத்திருக்கிறார். அதை நாம்தான் மறந்துவிட்டு முன்னே, பின்னே என்று கோடு கிழிக்கிறோம்.

அந்தக் காலத்தில் பர்மாவில் புதுப் பாட்டு உங்கள் கைக்கு எப்படி வந்தது?
– இல்லத்தரசி, பெகு

கையில் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே காதில் வந்துவிடும், அம்மா. எல்லாம் சிற்றலை வானொலியின் புண்ணியம். அறுபதுகளில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நம் சனங்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறிப் போனார்கள். இசைத்தட்டு விற்ற கடைகளும் அதோடு போயின. இருந்தவர்களுக்கு இலங்கை வானொலிதான் துணை. சாயந்திரம் ஏரியல் கம்பியை மாமரக் கிளை வரைக்கும் இழுத்துக் கட்டி முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவோம். மழைக்காலத்தில் இரைச்சலுக்கு நடுவில் பல்லவி வரும், சரணம் காணாமல் போகும். விட்ட வரியை அடுத்த வாரம் பிடித்து நோட்டில் எழுதிக்கொள்வோம்.

அங்கே கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் இருந்தார்கள். படம் எது, பாடியவர் யார், எழுதியவர் யார், இசை யார் என்று சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள். பாடகர்களின் பேரெல்லாம் எனக்கு மனப்பாடமானது அப்படித்தான். இன்றைக்குக் கைப்பேசியில் பாட்டு வருகிறது, பேர் வருவதில்லை. நடிகர்தான் பாடினார் என்றே நினைத்து வளர்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் மைக்செட் போடும் இடத்தில் பாடியவர் பேரை மைக்கில் சொல்லாமல் பாட்டு ஓடாது.

இசைத்தட்டு கப்பல்காரர்கள் மூலம் வரும். சின்ன ஈ.பி. தட்டு, நிமிஷத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. கேசட் வந்தபிறகு வழி சுலபமானது. தமு எல்லைக்கு அந்தப் பக்கம் மணிப்பூரில் மோரே ஊர் இருக்கிறதே, பர்மாவிலிருந்து போன நம் ஆட்கள் அங்கே குடியேறி இருந்தார்கள். அந்த வழியாகத் துணி, பாத்திரத்தோடு கேசட்டும் நடந்து வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு என் வயதுப் பிள்ளைகள் பலர் தமிழ் எழுத்தைக் கோயில் வகுப்பில்தான் படித்தோம். உச்சரிப்பு சொல்லிக் கொடுத்தவர் டி.எம்.எஸ்.தான். ழகரத்தையும் ளகரத்தையும் அவர் பிரித்துச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நாக்கைத் திருத்திக்கொண்டோம். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு.

'மருதமலை மாமணியே' பாடியவர் சினிமாப் பாடகரா? அந்தக் குரலை வேறு எந்தப் படத்திலும் கேட்ட மாதிரி இல்லையே!
– தமிழ் வகுப்பு ஆசிரியை, மோல்மீன்

உங்கள் காது நல்ல காது, அம்மா. அவர் மதுரை சோமு. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையிடம் சங்கீதம் பயின்ற கச்சேரி வித்வான். 1972-இல் சின்னப்பா தேவர் எடுத்த 'தெய்வம்' படத்துக்காகப் பாடினார். பாட்டு கண்ணதாசன், இசை வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன்.

அந்தப் படமே ஒரு திருவிழா. 'திருச்செந்தூரின் கடலோரத்தில்' பாடியவர்கள் சீர்காழியும் டி.எம்.எஸ்.சும். 'வருவாண்டி தருவாண்டி' சூலமங்கலம் சகோதரிகள். 'குன்றத்திலே குமரனுக்குக் கொண்டாட்டம்' பெங்களூர் ரமணியம்மாள். 'நாடறியும் நூறு மலை' பித்துக்குளி முருகதாஸ். பாடியவர்களே திரையிலும் தோன்றிப் பாடுவார்கள். பஜனை மடத்திலும் கச்சேரி மேடையிலும் இருந்த குரல்களை அப்படியே கொட்டகைக்கு அழைத்து வந்த காரியம் அது.

சோமு பாட்டைக் கோன் ஸ்பீக்கரில் போடுவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். தொடக்கத்தில் விருத்தம் மாதிரி நிதானமாக எடுப்பார். ஒலி குறைவாக இருக்கிறதே என்று ஆம்ப்ளிஃபயரைக் கூட்டிவிட்டால் போச்சு! மேலே ஏறும்போது அந்தக் குரல் தகரத்தைக் கிழித்துவிடும், பாட்டின் உணர்ச்சியும் போய்விடும். தொடக்கத்திலேயே முள்ளைக் கால் பங்கு கீழே வைத்துவிட்டு அவர் ஏறுவதற்கு இடம் விடவேண்டும். குழாயைத் தெருவைப் பார்த்துத் திருப்பாமல் கோபுரத்தைப் பார்த்துக் கட்டினால் இன்னும் நன்றாகக் கேட்கும். தைப்பூசத்தன்று காவடி கிளம்பும் நேரத்துக்கு எத்தனையோ புதுப் பாட்டு வந்துவிட்டது. எனக்கு இன்னும் இந்தப் பாட்டுத்தான்.

எல்.ஆர். ஈஸ்வரி சாமிப் பாட்டுக்காரர் என்கிறார் மாமியார். கிளப் டான்ஸ் பாட்டுக்காரர் என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?
– வாசகி, தட்டோன்

இரண்டு பேரும் பாதி சொல்கிறார்கள். கோரஸ் பாடிக்கொண்டிருந்த பெண், தன் முயற்சியால் முன்வரிசைக்கு வந்தவர். 'பாசமலர்' படத்தின் 'வாராய் என் தோழி' பாட்டில்தான் ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது. துள்ளல் பாட்டுக்கென்றே அவரை வைத்துக்கொண்டார்கள். அது மட்டும்தான் வரும் என்று நினைத்தவர்களுக்கு 1972-இல் 'வெள்ளி விழா' படத்தில் பதில் கிடைத்தது. வி. குமார் இசை, வாலி பாட்டு, 'காதோடுதான் நான் பாடுவேன்'. பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை விழித்துவிடுமோ என்ற மாதிரி அவ்வளவு மெதுவாகப் பாடியிருப்பார். குரலை அடக்கிப் பாடும்போது சுருதி ஒரு இம்மி விலகாமல் நிற்பது லேசான காரியம் இல்லை.

அதே படத்தில் 'உனக்கென்ன குறைச்சல்' பாடியவர் யார் தெரியுமா? எம்.எஸ்.வி.! தன்னைவிடச் சின்னவரான இன்னொரு இசையமைப்பாளரின் மெட்டைப் பாடிக் கொடுத்திருக்கிறார். வி. குமாரின் பேரை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சாமிப் பாட்டுக்கு வருகிறேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஈஸ்வரி. நம் அம்மன் கோயில்களில் தீமிதி அன்று 'செல்லாத்தா', 'கற்பூர நாயகியே' ஓடாமல் குழியில் நெருப்புத் தட்ட மாட்டார்கள். பம்பைக்காரர் கை ஓய்ந்தாலும் அந்தக் குரல் கூட்டத்தைத் தூக்கி நிறுத்தும். மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் 'காதோடுதான்' போட்டுக் காட்டுங்கள்.

'நினைவோ ஒரு பறவை' கமல்ஹாசனே பாடியதா?
– மாணவி, மண்டலே

ஆமாம். 1978, 'சிகப்பு ரோஜாக்கள்', கூடப் பாடியவர் எஸ். ஜானகி. கமல் சினிமாவில் பாடியது அதற்கும் முன்னால், 1975-இல் 'அந்தரங்கம்' படத்திலேயே.

வாணி ஜெயராம் பாட்டில் உங்களுக்குப் பிடித்தது எது?
– தையல் தொழிலாளி, யாங்கூன்

'மல்லிகை என் மன்னன் மயங்கும்'. 1974, 'தீர்க்க சுமங்கலி', வாலி எழுதி எம்.எஸ்.வி. மெட்டமைத்தது. வேலூரில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்து, 1971-இல் இந்திப் படம் 'குட்டி' மூலம் பேர் வாங்கிவிட்டுத் தமிழுக்கு வந்தவர். 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தின் 'ஏழு ஸ்வரங்களுக்குள்' பாட்டுக்குத் தேசிய விருது. சங்கதியை இழுத்துக் காட்டி அசத்துகிற ஆசை அவருக்கு இல்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு, அதற்குமேல் ஒரு பொட்டு கிடையாது. 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள், பிப்ரவரி 4-ஆம் தேதி காலமானார். விருதைக் கையில் வாங்காமலே போய்விட்டாரே என்று நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

கடல் கடந்த நாட்டில் பிறந்த நம்மவர் யாராவது அந்தக் காலத்தில் பாடிப் பேர் வாங்கினார்களா?
– கடைக்காரர், தமுவே

பேரிலேயே ஊரை வைத்துக்கொண்டு ஒருவர் வாங்கினாரே, மலேசியா வாசுதேவன்! மலேசியாவில் பிறந்து வளர்ந்து, நடிக்கவும் பாடவும் மெட்ராசுக்குப் போனவர். 1977-இல் '16 வயதினிலே' படத்தில் ஜானகியோடு 'ஆட்டுக்குட்டி முட்டையிட்டு' பாடினார். (அதே படத்தின் 'செந்தூரப்பூவே' ஜானகிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது; எழுதியவர் கங்கை அமரன்.) பிறகு 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் 'கோவில் மணி ஓசை', 'புதிய வார்ப்புகள்' படத்தில் 'வான் மேகங்களே'. வயலில் நின்று பேசுகிறவன் குரல் அது. தமிழ்நாட்டுக் கிராமத்தை அப்படிப் பாடியவர் அந்த மண்ணில் பிறந்தவர் இல்லை என்பது நமக்கெல்லாம் எவ்வளவு பெரிய தெம்பு! 2011-இல் அவர் போனபோது பசுண்டானில் ஒரு கல்யாண வீட்டில் அவர் பாட்டாகவே போட்டேன். பெண் வீட்டார் மனமுவந்து சம்மதித்தார்கள்.

பர்மியப் பாட்டு கேட்பதில்லையா, தாத்தா?
– பள்ளி மாணவன், தட்டோன்

கேட்காமல் இருக்க முடியுமா, ராசா? எழுபதுகளில் கித்தாரும் டிரம்சும் வைத்து வந்த புது இசையை இங்கே 'ஸ்டீரியோ' என்றுதான் சொல்வோம். ஷான் மாநிலத்திலிருந்து வந்த சாய் தீ சாய், அவருடைய 'வைல்ட் ஒன்ஸ்' குழு, அவருக்குப் பாட்டு எழுதிய டாக்டர் சாய் காம் லெய்க். இவர்கள் பாட்டு டீக்கடை தவறாமல் ஒலிக்கும். ஷான்காரர் பர்மிய மொழியில் பாடி நாட்டையே கட்டிப்போட்டார். உன் அப்பாவைக் கேள், ஒரு பாட்டாவது பாடிக் காட்டுவார்.

அப்பா வைத்துவிட்டுப் போன இசைத்தட்டுகள் பெட்டி நிறைய இருக்கின்றன. பூஞ்சை பிடித்துவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?
– வாசகர், பெகு

உண்டு. முதலில் தட்டுகளைப் பிரித்துவிடுங்கள். எடையாக, கீழே விழுந்தால் உடைகிற 78 சுற்றுத் தட்டு ஒரு வகை. வளைந்து கொடுக்கிற 45, 33 சுற்றுத் தட்டு இன்னொரு வகை. பழைய 78-இல் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்து பாட்டே அழிந்துவிடும். எல்லாத் தட்டுக்கும் பொதுவாக நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு போதும். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் நனையாமல், மெல்லிய துணியால் கோடு போகிற போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அப்பளமாக நெளிந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். பூஞ்சை பிடித்த உறையை மாற்றிவிடுங்கள். ஆனால் பழைய உறையில் அச்சாகியிருக்கும் பாடகர் பேரையெல்லாம் எழுதி வைத்துக்கொண்ட பிறகு தூக்கிப் போடுங்கள். 78-க்கு ஊசி வேறு, மற்றதற்கு வேறு. மாற்றிப் போட்டால் ஒரே தடவையில் கோடு போய்விடும். பிளேயர் இல்லையென்றால் மழைக்காலம் முடிந்ததும் பெட்டியோடு யாங்கூன் வாருங்கள். என்னிடம் ஓடுகிற பிளேயர் இருக்கிறது, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம்.