கார்ட்டூன் பார்த்துக் கண் கலங்கியதுண்டா?

கேள்வி: சிறுவர்களுக்காக எடுத்த கார்ட்டூன் எதையாவது பார்த்து நீங்கள் கண் கலங்கியிருக்கிறீர்களா?

கலங்கியிருக்கிறேன். ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடரில் வரும் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ எபிசோட். அமெரிக்காவில் 1992 செப்டம்பர் 7 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வந்தது. நான் பார்த்தது ரொம்ப வருடம் கழித்து, கல்லூரி விடுதியில், நண்பனின் லேப்டாப்பில். முடிந்த பிறகு இரண்டு பேருமே கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

கதை இதுதான். விக்டர் ஃப்ரைஸ் ஒரு விஞ்ஞானி. மனைவி நோராவுக்குத் தீராத நோய். மருந்து கிடைக்கும் வரை அவளை உறையவைத்து ஒரு கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறான். கம்பெனி முதலாளி ஃபெரிஸ் பாயில், இதற்கெல்லாம் பணம் கிடையாது என்று ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்கிறான். கெஞ்சிப் பார்த்த விக்டரை ரசாயனங்கள் இருக்கும் மேசைமீது எட்டி உதைக்கிறான். அதற்குப் பிறகு கடுங்குளிரில் மட்டும்தான் விக்டரால் உயிரோடு இருக்க முடியும். அப்படித்தான் மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற வில்லன் பிறக்கிறான்.

காமிக்ஸில் 1959-இல் ‘மிஸ்டர் ஜீரோ’ என்ற பெயரில் வந்த பாத்திரம் இது. பனித் துப்பாக்கியோடு நகை திருடும் சில்லறை வில்லன், அவ்வளவுதான். கதாசிரியர் பால் டினி இவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தார். அந்த ஒரு சேர்க்கையில் ஆளே மாறிப்போனான். பிற்பாடு காமிக்ஸும், 1997-இல் வந்த பேட்மேன் படமும் நோராவின் கதையை அப்படியே எடுத்துக்கொண்டன. இந்த எபிசோடின் எழுத்துக்காக டினிக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் கிடைத்தது.

ஆனால் என்னைக் கலங்க வைத்தது அந்தக் குரல். பேசியவர் மைக்கேல் அன்சாரா. முதலில் அவர் நடிகருக்கே உரிய உணர்ச்சியோடுதான் பேசினார். இயக்குநர் புரூஸ் டிம், உணர்ச்சியை எடுத்துவிடுங்கள், இன்னும் எடுத்துவிடுங்கள், எந்திரம் பேசுவதுபோல இருக்கட்டும் என்று கேட்டு வாங்கினார். ஓர் இடத்தில் ஃப்ரீஸ் பேட்மேனிடம் சொல்கிறான்: வெயில் நாளில், முகத்தில் வெப்பக் காற்று பட, கதகதப்பான ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நடக்க இனி தன்னால் முடியாது; அதற்காகக் கொலையும் செய்வேன் என்று. இதைச் சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவன் அழுதிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

முதலாளி பாயிலுக்குக் குரல் கொடுத்தவர் மார்க் ஹாமில், ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் நாயகன் லூக் ஸ்கைவாக்கராக நடித்தவர். இதற்கு அப்புறம்தான் இதே தொடரில் பேட்மேனின் பெரிய எதிரியான ஜோக்கர் வேடம் அவருக்கு வந்தது. நடிகர்களைத் தனித்தனியே பேசவைத்து ஒட்டாமல், கூடுமானவரை ஒரே அறையில் உட்காரவைத்து, ரேடியோ நாடகம்போலப் பதிவு செய்தார் குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ. ஒருவர் பேசுவதை அடுத்தவர் உண்மையிலேயே கேட்டுப் பதில் சொல்வது காதுக்குத் தெரியும்.

படம் வரைந்த விதமும் தனி. பின்னணிகளை வெள்ளைத் தாளில் வரைவதுதான் வழக்கம். இந்தத் தொடரில் எரிக் ராடோம்ஸ்கி கறுப்புத் தாளைக் கொண்டுவந்தார். இருட்டு ஏற்கெனவே இருக்கிறது; ஜன்னல் வெளிச்சம், தெருவிளக்கு, கட்டட விளிம்பு இவற்றை மட்டும் அதன்மேல் தீட்டவேண்டியதுதான். ஃப்ரீஸின் உருவத்தை வரைந்து கொடுத்தவர் மைக் மிக்னோலா, பின்னாளில் ‘ஹெல்பாய்’ காமிக்ஸைப் படைத்தவர்.

டினியின் எழுத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒரு ஃபிளாஸ்க். இந்த எபிசோடில் பேட்மேனுக்குச் சளி பிடிக்கிறது. கிளம்பும்போது அவன் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் ஒரு ஃபிளாஸ்க்கில் சூடான கோழி சூப்பைக் கொடுத்து அனுப்புகிறார். சாதாரண வீட்டு அக்கறை என்று நாமும் கடந்துவிடுகிறோம். கடைசிச் சண்டையில் அந்த ஃபிளாஸ்க்கைத்தான் பேட்மேன் ஃப்ரீஸின் கண்ணாடித் தலைக்கவசத்தில் அடிக்கிறான். உறைந்த கண்ணாடியில் சூடான சூப் பட்டதும் கவசம் விரிசல் விட்டு நொறுங்குகிறது. ஒருவனிடம் அவன்மேல் அக்கறைப்பட ஆள் இருக்கிறது, இன்னொருவனிடம் இல்லை. இதை ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிட்டார்.

முடிவில் சிறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான் ஃப்ரீஸ். கையில் ஒரு சின்னக் கண்ணாடி உருண்டை, அதற்குள் ஒரு நடனப் பெண் பொம்மை. அதைப் பார்த்து நோராவிடம் மன்னிப்புக் கேட்கிறான். அப்போதும் அதே குரல்தான்.

மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். பார்ப்பதென்றால் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், அந்தக் கறுப்புத் தாளின் அருமை அப்போது தெரியும்.