மாரடைப்புக்குப் பிறகு கணவர் வீடு திரும்பிவிட்டார், எனக்குத்தான் தூக்கம் இல்லை. எப்படிச் சமாளிப்பது?

கணவருக்கு 66 வயது, இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்து அனுப்பிவிட்டார்கள், அவர் நன்றாகத் தூங்குகிறார், நான்தான் விடிய விடிய அவர் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான் அம்மா. எனக்கு 69 வயது, மனைவிக்கு 63. காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம்.

போன வருடம் மாசி மாதம். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு புளி தட்டும் காலம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், "பல் வலிக்கிற மாதிரி இருக்கிறது" என்று தாடையைத் தடவினாள். கொஞ்ச நேரம் கழித்து மேல்வயிறு எரிகிறது என்றாள். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓமத்தண்ணீர் கொடுத்தேன். கேட்கவில்லை என்றதும் கடைக்குப் போய் சோடா வாங்கி வந்தேன். வந்து பார்த்தால், ரவிக்கை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்துப் போய், புளி பிசுபிசுத்த கையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கிறாள். எதிர்வீட்டுத் தம்பிதான் 108-ஐ அழைத்தான். அதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

நீண்ட நாள் சர்க்கரை இருந்தால் நரம்புகள் மழுங்கிப்போய், மாரடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம் என்று பிறகு மருத்துவர் விளக்கினார். பெண்களுக்குத் தாடை, முதுகு, மேல்வயிறு, மூச்சிரைப்பு, சோர்வு என்று வேறு வழியில் காட்டலாமாம். இதைப் படிப்பவர்கள் யாராக இருந்தாலும், வயதானவர்களுக்கு இப்படித் திடீரென்று வந்து வியர்த்துக் கொட்டினால் வாயு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உடனே கொண்டுபோய் இசிஜி எடுங்கள்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இசிஜி எடுத்ததுமே பரபரவென்று வேலை நடந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு முன் அந்த இளம் மருத்துவர் என்னிடம் கேட்டார்: "அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்? சர்க்கரை எத்தனை வருடமாக? முன்பு ஏதாவது ஆபரேஷன், ரத்தக்கசிவு?" நான், "வெள்ளையாக ஒரு மாத்திரை சாப்பிடுவாள்" என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி 41 வருடம். என் தோப்பில் எந்த மாமரம் எந்த வருடம் காய்க்காமல் போனது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் பக்கத்து மாவட்டத்தில், கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்துப் பெண் எங்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். அதே திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என்ன மாத்திரை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அங்கிருந்து சேலம். தொப்பூர் கணவாயில் ஆம்புலன்ஸ் இறங்கும்போது அவள் கையைப் பிடித்திருந்தேன். நகக்கண்ணில் புளி காய்ந்து கறுத்திருந்தது. ஆஞ்சியோ செய்து, அதாவது ரத்தக்குழாயில் அடைப்பு எங்கே என்று படம் எடுத்துப் பார்த்து, ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறாம் நாள் வீடு.

நீங்கள் கேட்கும் பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார்கள். வீட்டில் நான் மட்டும். ரத்த அழுத்தக் கருவி வாங்கி ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை பார்த்தேன். இரவில் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் மொட்டைமாடியில் காயும் மிளகாயை அள்ள அவள் படியேறியதைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டேன். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். "பிழைத்து வந்திருக்கிறேனா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று சாயங்காலம் அவள் மாத்திரை வைக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துப் பாயில் கொட்டினேன். பிரிக்காத அட்டைகள் நிறைய இருந்தன. கிருத்திகை விரதம், அமாவாசை என்று சாப்பிடாத நாட்களில் மாத்திரையையும் விட்டிருக்கிறாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறவள்; களி எவ்வளவு உருட்டிப் போட்டுக்கொள்கிறாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று கேட்டு எழுதினேன். அவளுக்கே இரண்டு தெரியவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த முறை இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் போனோம். என்ன வேலை செய்யலாம், எவ்வளவு நடக்கலாம், விரத நாளில் என்ன செய்வது, எது வந்தால் உடனே ஓடிவர வேண்டும் எல்லாவற்றையும் அவள் வாயாலேயே கேட்க வைத்தேன். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரைகளை அவர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம் என்றார். ரத்த அழுத்தம் காலையும் மாலையும் பார்த்தால் போதும், பயந்து பயந்து பார்த்தால் பயமே அதை ஏற்றிவிடும் என்றும் சொன்னார்.

அந்தத் தாளின் ஒரு நகல் என் சட்டைப்பையில், இன்னொன்று எதிர்வீட்டுத் தம்பியிடம். நீங்களும் எழுதி வையுங்கள். உங்கள் மாத்திரைகளையும் எழுதி அவர் பையில் வையுங்கள்.

தூக்கத்துக்கு நான் செய்தது இதுதான்: மகனை வரச்சொல்லி ஒரு வாரம் அவள் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு உள்ளறையில் கதவைச் சாத்திப் படுத்தேன். முதல் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் பத்து மணி நேரம் தூங்கினேன். பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று நினைக்காமல் கூப்பிடுங்கள். உங்களுக்கும் வயதாகிறது, நீங்கள் விழுந்தால் அவருக்கு யார்?

இப்போதும் சில இரவுகளில் விழிப்பு வந்து அவள் பக்கம் பார்க்கிறேன். விரல் வைத்துப் பார்ப்பதில்லை. புடவைத் தலைப்பு ஏறி இறங்குவது தெரிந்ததும் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.