பத்து நாளில் ஏழு நாடு

கேள்வி: ஜூன் விடுமுறைக்குக் குடும்பத்தோடு பத்து நாள், ஏழு நாடு ஐரோப்பியச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டேன். மகளோ, "ஒரே ஊரில் பத்து நாள் இருக்கலாம்ப்பா, அதுதான் நிதானச் சுற்றுலா" என்கிறாள். கொடுத்த காசுக்கு நாலு இடம் பார்க்காமல் ஓரிடத்தில் கிடப்பது சுற்றுலாவா, சோம்பலா?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஏழு நாடு சரி. அதில் பஸ்ஸுக்குள் எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பார்த்தீர்களா?

ஐரோப்பா இருக்கட்டும். ஒருநாள் தேக்காவுக்குப் போய் கெர்பாவ் ரோட்டில் நில்லுங்கள். பயணிகள் கும்பலாக வருவார்கள், பல வண்ணம் பூசிய அந்தப் பழைய வீட்டின் முன் படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். லிட்டில் இந்தியாவில் இருப்பதால் இந்தியர் வீடு என்றே நினைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அது டான் டெங் நியா என்ற சீன மிட்டாய் வியாபாரியின் வீடு, 1900-இல் கட்டியது. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. அந்த வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டு வியாபாரத்தில் பிழைத்தது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் இதெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் பஸ் காத்திருக்காதே!

வெனிஸில் அந்தக் கும்பல் நீங்கள்தான். 1950களில் அதன் பழைய நகரில் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் 50,000-க்கும் கீழே போய்விட்டது. குடியிருந்த வீடுகள் பயணிகளுக்கு வாடகைக்குப் போனதும் அதற்கு ஒரு காரணம். 2024 முதல், நெரிசல் மிகுந்த நாள்களில் பகலில் வந்து திரும்புகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், தொடக்கத்தில் 5 யூரோ. இரவு தங்குகிறவர்களுக்கு அது கிடையாது. உங்கள் மகள் சொன்னதைத்தான் அந்த நகராட்சியும் சொல்கிறது.

இந்த நிதான எண்ணம் சமையலறை வழியாக வந்தது. 1986-இல் ரோமில் மெக்டோனல்ட்ஸ் கடைக்கு எழுந்த எதிர்ப்பிலிருந்து இத்தாலியரான கார்லோ பெட்ரினியின் நிதான உணவு இயக்கம் ('ஸ்லோ ஃபுட்') வளர்ந்தது. 1999-இல் இத்தாலியச் சிற்றூர்கள் சில சேர்ந்து 'சிட்டாஸ்லோ', அதாவது 'நிதான நகரம்', என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. பயணத்துக்கும் அதே கணக்குத்தான்: குறைவான ஊர், அதிக நாள், முடிந்தவரை ரயில், உள்ளூர்க்காரர் கடையில் செலவு. கிடப்பது என்று யார் சொன்னது? நிறைய நடக்க வேண்டியிருக்கும், முட்டி பத்திரம்.

மகளிடமும் ஒன்று கேட்கவேண்டும். பதின்மூன்று மணி நேரம் விமானத்தில் பறந்து போய்த்தான் நிதானம் பழகவேண்டுமா? மலேசியாவின் மலாக்காவுக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்பினால் பயணிகள் மொய்க்கும் ஜோங்கர் தெருவோடு சரி. மூன்று நாள் தங்கினால் காஜா பேராங் பக்கம் போய், வீட்டில் மலாய் பேசி, கோயிலில் மாரியம்மனைக் கும்பிடும் மலாக்கா செட்டிகளோடு, அதாவது அந்தக் காலத்தில் அங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்களோடு, நாலு வார்த்தை பேசலாம். நம்மில் எத்தனை பேர் அவர்களைச் சந்தித்திருக்கிறோம்?

கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்று முகவரிடம் கேளுங்கள். கிடைக்காதென்றால் போய் வாருங்கள். அப்புறம், டிசம்பர் விடுமுறைக்கான திட்டத்தை மகளிடம் விட்டுவிடுங்கள்.